வாரையில் கட்டிய சாமை

ஞானாபரணம் உபதேசியார் எங்கள் வேங்கைமரத்தூருக்கு வந்த வருஷம் சாமை நன்றாக விளைந்தது. அவருடைய கஷ்டகாலம் அதிலிருந்துதான் ஆரம்பம்.

அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் மழை ஏமாற்றியிருந்தது. கண்ணமங்கலத்துப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தகரப் பெட்டியும் பாயும் மனைவி சம்பூர்ணமுமாகப் புறப்பட்டு, படவேட்டில் பஸ் இறங்கி, ஜவ்வாது மலைப்பாதையில் ஏறி அவர் வந்து சேர்ந்த அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. எழுபத்திரண்டாம் வருஷம். தலைமுதல் கால்வரை நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றவரைப் பார்த்து எங்கள் ஜனங்கள் கை எடுத்துக் கும்பிட்டார்கள். அவர் தும்மிக்கொண்டே ஸ்தோத்திரம் சொன்னார். மழையைக் கொண்டுவந்த ஐயர் என்று அன்றைக்கே பேராகிவிட்டது.

உபதேசியார் என்றால் பட்டம் பெற்ற பாதிரியார் இல்லை. ஞானஸ்நானம், திருவிருந்து, கல்யாணம் எல்லாவற்றுக்கும் கீழேயிருந்து சேகரத்து ஐயர், அதாவது இந்த வட்டாரத்துச் சபைகளுக்கெல்லாம் பொறுப்பான பாதிரியார், எப்போதாவது ஏறி வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபம் நடத்துவது, வேதம் வாசிப்பது, பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பது, பிணம் விழுந்தால் கூட நிற்பது உபதேசியாரின் வேலை. எங்கள் ஜனங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. வேதப்புத்தகம் வைத்திருக்கிறவர் ஐயர், அவ்வளவுதான். சபையில் சேர்ந்திருந்தது ஊரில் பாதி வீடுகூட இல்லை. அண்ணன் ஜெபக்கூடத்துக்கு வருவான், தம்பி பூசாரி வீரனிடம் திருநீறு வாங்குவான், இரண்டு பேரும் ஒரே கொல்லையில் ஏர் ஓட்டுவார்கள். அதில் சண்டை ஒன்றும் கிடையாது.

மனிதர் மிகச் சாதாரணமானவர். எட்டாவது வரை படித்துவிட்டு இரண்டு வருஷம் உபதேசியார் பயிற்சி முடித்தவர். ஒடிசலான உடம்பு. கரடிக்கும் அட்டைக்கும் ஒரே அளவு பயப்படுவார். பிரசங்கம் சுமாராகத்தான் வரும், பாட்டு அதைவிடச் சுமார். ஒரே ஒரு கெட்ட பழக்கம் மூக்குப்பொடி. வந்த புதிதில் அவர் பொடி போடுவதைப் பார்த்துவிட்டு, சாமியாடும் வீரன்கூடத் திருவிழா மூன்று நாளும் பீடியைத் தொடுவதில்லை, இவர் தினம் வேதத்தைத் தொடுகிறவர் ஆயிற்றே என்று ஊரில் பேச்சு வந்தது. பொடி மட்டையை ஓடையில் வீசினார். அதற்கப்புறம் ஒரு வருஷம் மூக்கைத் தேய்த்துக்கொண்டே திரிந்தார்.

இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போனது. ஐயருக்குக் காய்ச்சல் வரக்கூடாது. வந்தால், தன் காய்ச்சலை ஓட்டத் தெரியாதவர் நம் காய்ச்சலை எப்படி ஓட்டுவார் என்று கேட்பார்கள். அவர் மலேரியாவில் நடுங்கியபோதெல்லாம் ஜெபத்தில் இருக்கிறார் என்று சொல்லிச் சம்பூர்ணம் கதவைச் சாத்தி வைத்தார். ஐயர் வீட்டில் சத்தம் கேட்கக்கூடாது, அதனால் அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுவதென்றால் சாடையிலேயே போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அவர் ஜெபம் பண்ணிய பிறகு கர்ப்பமான ஒரு பெண்ணின் தாயாரே, ஊருக்குக் கொடுக்கிறவர் தன் வீட்டுக்கு ஏன் வாங்கிக்கொள்ளவில்லை என்று சம்பூர்ணத்திடம் கேட்டிருக்கிறாள். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை என்று சம்பூர்ணம் பிற்பாடு எங்கள் அம்மாவிடம் சொன்னார்.

கீழே இருப்பவர்களும் சும்மா விடவில்லை. சேகரத்து ஐயர் வரும்போதெல்லாம் சபை ஏன் இன்னும் பெருகவில்லை, பழைய வழக்கம் ஏன் இன்னும் ஒழியவில்லை என்று கேட்டுவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடுவார்.

இத்தனைக்கும் நடுவில் உபதேசியாரிடம் ஒரு வாய்ப்பழக்கம் இருந்தது. யார் எந்தக் கஷ்டத்தைச் சொன்னாலும் ஒரு நல்ல வார்த்தை சொல்லித்தான் அனுப்புவார். கால் வலி என்றால் "போயிடும்மா." மாட்டைக் காணோம் என்றால் "கெடைச்சிடும், போ." கீழ்நாட்டில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். கேட்டவனும் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவான். நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அந்தப் பேச்சு எனக்குப் பழக்கமானது. மலையில் அப்படி இல்லை. சாமிக்கு உரிய ஆள் வாயைத் திறந்து இது நடக்கும் என்று சொன்னால் அது வாக்கு.

வாக்குக் கேட்டவன் ஒரு பிடி சாமையைத் துணியில் முடிந்து, சாமி இருக்கிற இடத்தில் கூரையைத் தாங்கும் வாரையில் கட்டிவிட்டு வரவேண்டும். சொன்னது நடந்துவிட்டால் முடிச்சை எடுத்துச் சமைத்து நாலு பேருக்குச் சோறு போடலாம். நடக்கும்வரை அது அங்கேயே தொங்கும். நடக்காத முடிச்சை அவிழ்க்க வாக்குச் சொன்னவருக்கு மட்டும்தான் உரிமை. இது எங்கள் மலையில் பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அதனாலேயே யாரும் உபதேசியாரிடம் எடுத்துச் சொல்லவில்லை. ஜெபக்கூடத்துக் கூரைக்குள் சின்னச் சின்ன முடிச்சுகள் தொங்குவதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எலிக்குப் பயந்து விதையைக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். எல்லா வீட்டிலும் அப்படி விதை தொங்கும்தானே.

கூரை மாற்றிய அன்றுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. அப்போது எழுபத்தெட்டு, சித்திரை மாதம். நான் பி.ஏ. இரண்டாம் வருஷம் முடித்துவிட்டு லீவுக்கு வந்திருந்தேன். எங்கள் ஊரிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதைச் சொல்லாமல் விட மனசில்லை. என்னைக் கீழே ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்கவைத்தவரும் அவர்தான்.

கூரை வேய்வதென்றால் சாதி சமயம் பார்க்காமல் ஊரே கூடும். பூசாரி வீரனும் புல் கட்டுச் சுமந்து வந்திருந்தான். பழைய புல்லைப் பிரிக்கும் முன் ஆட்கள் ஏறி ஒவ்வொரு முடிச்சாக அவிழாமல் எடுத்து முறத்தில் வைத்தார்கள். முறம் நிறைந்துவிட்டது. இன்னொரு முறம் கொண்டு வந்தார்கள். இத்தனை விதையை ஏன் விதைக்காமல் வைத்திருக்கிறீர்கள் என்று உபதேசியார் கேட்டார். வீரன்தான் சிரித்தான்.

"நான் வருசத்துக்கு ஒரு தபாதான் வாய் தொறக்கறேன் ஐயரே. அதுக்கே மூணு நாளு எழுந்திருக்க முடியல. நீ தெனம் சொல்ற. உன் சாமிக்குத் தொண்ட வலிக்காதா?"

"நான் இன்னா சொன்னேன் வீரா?"

வீரன் முறத்துக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு முடிச்சுகளை விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினான். துணியைப் பார்த்தாலே யாருடையது என்று அவனுக்குத் தெரிந்தது. "இது மேல்வூட்டுக் கெழவி காலு. போயிடும்ன்ன. இது லட்சுமணன் மாடு. கெடைச்சிடும்ன்ன, அத்த சிறுத்த அடிச்சி எலும்புகூட மக்கிப்போச்சி. இது மங்கம்மாளுது. அவ புள்ள கருப்பன் வந்துடுவான்ன."

"அதெல்லாம் ஆறுதலுக்குச் சொன்னதுய்யா."

வீரன் உண்மையாகவே விளங்காத குரலில் கேட்டான். "நடக்குமா நடக்காதான்னு தெரியாமயா சொன்ன?"

புதுப் புல் வேய்ந்து முடிந்ததும் ஆட்கள் அவர் கண்முன்னாலேயே முடிச்சுகளையெல்லாம் அந்தந்த இடத்தில் திரும்பக் கட்டினார்கள். லட்சுமணன், தன் முடிச்சு காற்றில் ஆடாமல் இருக்க நார் போட்டு இறுக்கிக் கட்டினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பிரசங்கத்தையே விட்டுவிட்டு அதைப் பேசினார். நான் பூசாரி இல்லை, என்மேல் எதுவும் இறங்குவதில்லை, நடக்கப்போவது எனக்குத் தெரியாது, உங்கள் மனசு ஆறட்டும் என்று சொன்ன பேச்சு அது, முடிச்சுகளை எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒருவரும் ஒரு முடிச்சையும் எடுக்கவில்லை. வெளியே வந்ததும் லட்சுமணன் என்னிடம் விளக்கினான். வீரனும் அப்படித்தானாம். சாமி மலையேறிய பிறகு நீ என்ன சொன்னாய் என்று கேட்டால், நான் ஒன்றும் சொல்லவில்லையே என்பானாம். சொன்னது ஆளுக்குத் தெரியாமல் இருந்தால்தானே அது சாமி சொன்னது. உபதேசியாரின் மறுப்பு அவருடைய வாக்கை இன்னும் உறுதிப்படுத்திவிட்டது.

இதில் மற்ற முடிச்சுகளால் பெரிய சேதம் இல்லை. மேல்வீட்டுக் கிழவிக்குக் கால் வலித்துக்கொண்டே இருந்தது, மாடு வரவே இல்லை, அவ்வளவுதான். மங்கம்மாள் கட்டியது அப்படி இல்லை. அந்த முடிச்சுக்குள் செல்லி இருந்தாள்.

செல்லி மங்கம்மாளின் மருமகள், கருப்பனின் பெண்டாட்டி. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத நிலையில் கருப்பன் மேஸ்திரி கூட்டிக்கொண்டு போன ஆட்களோடு சிக்மகளூருக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போனான். மற்றவர்கள் மாசியில் திரும்பிவிட்டார்கள், அவன் வரவில்லை. மேஸ்திரியோடு சண்டை போட்டுக்கொண்டு வேறு எஸ்டேட்டுக்குப் போனான் என்று ஒருத்தன் சொன்னான். மர லாரியில் ஏறியதைப் பார்த்தேன் என்று இன்னொருத்தன் சொன்னான். மங்கம்மாள் அழுதுகொண்டு உபதேசியாரிடம் வந்தாள். அவர் தன் பழக்கப்படி, "வந்துடுவான்மா, சாமை அறுப்புக்குள்ள வந்துடுவான், அழாத" என்று சொன்னார். மங்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் ஒரு பிடி சாமை முடிந்து வந்தாள்.

அந்த அறுப்பு போயிற்று, அடுத்ததும் போயிற்று. சாமை அறுப்பு என்றுதான் ஐயர் சொன்னார், எந்த வருஷத்து அறுப்பு என்று சொன்னாரா என்று மங்கம்மாள் கேட்டாள். அவளுக்கு ஒரே பிள்ளை. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கூரை வேய்ந்த அதே மாதம் செல்லியின் தகப்பன் தீர்த்தகிரி தன் ஊரிலிருந்து வந்தான். புருஷன் இப்படிக் காணாமல் போனால் ஊர் கூடிப் பேசி, பரியப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெண்ணை வேறு இடத்தில் கொடுப்பது எங்கள் மலையில் உண்டு. சேகரத்தார் ஒப்பமாட்டார்கள், ஆனால் ஊர் ஒப்பும். அர்ச்சுனன் என்று ஒருவன், பெண்டாட்டி பிரசவத்தில் போனவன், செல்லியைக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தான். புளியமரத்தடியில் ஊர் கூடியது. மங்கம்மாள் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள், முடிச்சு தொங்குகிறது என்று. ஊர்க்கவுண்டர் தாண்டவராயன் அதற்குமேல் பேசவில்லை. முடிச்சு தொங்கும்வரை கருப்பன் வருகிற ஆள். வருகிற ஆளின் பெண்டாட்டியை எப்படி இன்னொருத்தனுக்குக் கொடுப்பது? ஐயரைப் போய்ப் பாருங்கள் என்று எழுந்துவிட்டார்.

அன்று பொழுது சாய்வதற்குள் செல்லியே வந்தாள். உபதேசியார் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் நான் அவருக்கு விறகு பிளந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். சம்பூர்ணம் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"ஐயரே, அவன் வந்தாலும் சரி, வராட்டியும் சரி. எனக்கு ஏதனா ஒண்ணு ஆவணும். மாமியா வூட்ல நான் இன்னாவா கீறேன் இப்ப? தாலியும் கீது, ஆளும் இல்ல. பொழுதுக்கும் ரோட்டப் பாத்துக்கினு குந்திக்கினு கீறேன். உங்க வாயிதான என்னக் கட்டிப் போட்டுது. நீங்களே சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். சரியாகிவிடும் என்று சொல்லப் போகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கவேண்டும், அப்படியே மூடிக்கொண்டார். பிறகு, நான் போய்த் தேடிப் பார்க்கிறேன் என்றார்.

போனோம். அவருக்குத் துணையாக நானும் போனேன். வேலூரில் பஸ் மாறி, பெங்களூரில் மாறி, சிக்மகளூருக்குப் போய் எஸ்டேட் எஸ்டேட்டாக ஏறி இறங்கினோம். கன்னட போர்டு இரண்டு பேருக்குமே படிக்க வரவில்லை. ஒரு எஸ்டேட் ஆபீசில் நான் இலக்கணம் தப்பாமல் இங்கிலீஷில் விசாரித்தேன். அந்தக் கிளார்க் போளூர்க்காரன். தமிழிலேயே சொல்லு தம்பி என்றான். கருப்பன் என்று அங்கே எத்தனையோ பேர். நம்மவன் ஒருவனும் இல்லை. ஒரு லைன் வீட்டில் மட்டும், ஜவ்வாது மலை ஆள் ஒருத்தன் கொஞ்சகாலம் இருந்தான், மங்களூர்ப் பக்கம் போனதாகக் கேள்வி என்றார்கள். கருப்பு, உயரம் என்று சொன்னார்கள். எங்கள் ஆட்கள் பாதிப்பேர் அப்படித்தான் இருப்பார்கள். கையில் இருந்த காசு தீர்ந்ததும் திரும்பினோம்.

ஐயர் கூட்டிவரப் போயிருக்கிறார் என்று ஊரில் பேச்சாகிவிட்டிருந்தது. தேடப் போயிருக்கிறார் என்று ஒருவரும் சொல்லவில்லை. நாங்கள் பாதை ஏறி வருவதை மாடு மேய்க்கிறவன் பார்த்துக் குரல் கொடுத்திருக்கிறான். மேலே வந்தபோது ஊரே நின்றுகொண்டிருந்தது. மங்கம்மாள் கையில் தண்ணீர்ச் செம்பு வைத்திருந்தாள், பிள்ளையின் காலைக் கழுவ. எங்களுக்குப் பின்னால் பாதை காலியாக இருப்பதை அவர்கள் பார்த்தார்கள். மங்கம்மாள் செம்போடு வந்து உபதேசியாரின் காலைக் கழுவிவிட்டுப் போனாள். அவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதற்கப்புறம் ஒரு வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று சம்பூர்ணம் சொன்னார். சேகரத்து ஐயரிடம் போய்க் கேட்டாராம். முடிச்சையெல்லாம் ஒரே நாளில் அறுத்துப் போட்டுக் கொளுத்தும், இத்தனை வருஷம் என்ன செய்துகொண்டிருந்தீர் என்றாராம் அவர். செல்லிக்கு என்ன வழி என்று கேட்டதற்கு, புருஷன் செத்ததற்கு அத்தாட்சி இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது, நீர்தான் நல்ல புத்தி சொல்லி அவளை நிறுத்தி வைக்கவேண்டும் என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிறகு உபதேசியார் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். உயரம் போதவில்லை. லட்சுமணன் தாங்கிப் பிடித்தான். மங்கம்மாளின் முடிச்சைத் தேடி அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். அவர் பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"மங்கம்மா, எல்லாரும் கேட்டுக்குங்க. கருப்பன் வருவானா வரமாட்டானான்னு எனக்குத் தெரியாது. அன்னைக்கும் தெரியாது, இன்னைக்கும் தெரியாது. தெரியாத விஷயத்துக்கு ஒரு பொண்ணக் கட்டி வைக்கக்கூடாது. அதுக்குத்தான் அவுக்கறேன். வேற ஒண்ணும் இல்ல."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எப்படிச் சொல்வது என்று நான் இன்றைக்கும் யோசிக்கிறேன். என் படிப்பையெல்லாம் கூட்டிப் பார்த்தும் வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

மங்கம்மாள் தலைமயிரை அவிழ்த்துவிட்டுக்கொண்டாள். அவளைச் சுற்றியிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கொண்டையை அவிழ்த்தார்கள். மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எழுந்தது.

உபதேசியாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஓடிப் போய் மங்கம்மாளின் முன்னால் மண்டியிட்டார். அவன் செத்துவிட்டான் என்று நான் சொல்லவில்லை, உயிரோடு இருக்கலாம், மங்களூரில் இருக்கலாம் என்று சத்தம் போட்டார். ஒப்பாரியில் அவர் குரல் எடுபடவில்லை. வாசலில் வந்து நின்ற தாண்டவராயன் அவர் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

"நீங்க சொல்ல வேணாம் ஐயரே. உங்களால சொல்ல முடியாதுதான். அவுத்துட்டீங்க இல்ல, போதும்."

மங்கம்மாள் அவர் கையிலிருந்த சாமையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வாய்க்கரிசிக்கு அதுதான் வேண்டும். உடம்பு இல்லாத சாவுக்குப் புல்லில் ஆள் கட்டி அடக்கம் செய்வது எங்கள் வழக்கம். கருப்பனின் பழைய சட்டையை அந்தப் புல்லாளுக்குப் போட்டார்கள். பிற்பகலில் ஐயரைக் கூப்பிட வந்தார்கள். அவர் வரமாட்டேன் என்றார். அப்படியானால் வீரனை வைத்துச் செய்துகொள்கிறோம், ஆனால் பிள்ளை ஞானஸ்நானம் வாங்கினவன், ஜெபம் இல்லாமல் புதைக்க மனசு வரவில்லை என்று மங்கம்மாள் சொல்லி அனுப்பினாள். சம்பூர்ணம் உள்ளே போய் அவருடைய வெள்ளை அங்கியை எடுத்துவந்து கொடுத்தார். அவர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. சாதாரணச் சட்டையோடு குழிக்கரைக்குப் போய் நின்று, அடக்க ஆராதனையை விட்டுவிட்டு ஒரு சங்கீதத்தை மட்டும் வாசித்தார். வேறுபாடு யாருக்கும் தெரியவில்லை. வீரன் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான், அன்றைக்கு அவனும் சிரிக்கவில்லை.

ஆடி கழிந்ததும் தீர்த்தகிரி மகளை அர்ச்சுனனுக்குக் கொடுத்தான். அர்ச்சுனனுக்கு எங்கள் ஊரிலும் கொஞ்சம் புன்செய் இருந்ததால் இங்கேயே வந்து குடியிருந்தான். நல்லவன். செல்லிக்குக் கொஞ்சம் உடம்பு வைத்தது, முகம் தெளிந்தது. அவள் எதற்காக வந்து கேட்டாளோ அது கிடைத்துவிட்டது என்று நான் உபதேசியாரிடம் ஒருமுறை சொன்னேன். அவர் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதுதான் அவருக்குப் பிடித்த புது வியாதி. எந்த நேரமும் பாதையைப் பார்ப்பார். கீழேயிருந்து உயரமாக, கருப்பாக யாராவது ஏறி வந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து நிற்பார். கிட்டே வந்து வேறு ஆள் என்று தெரிந்த பிறகு மெதுவாக உட்காருவார். அந்த முகத்தில் இருந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். இரண்டு வருஷமாக வரவேண்டும் வரவேண்டும் என்று அவர் ஜெபம் பண்ணியதும் அதே ஆளுக்காகத்தான்.

யாருக்கும் நல்ல வார்த்தை சொல்வதையும் நிறுத்திவிட்டார். கஷ்டத்தைச் சொன்னால் கேட்டுக்கொள்வார், கண்ணை மூடி ஜெபம் பண்ணுவார், ஆமென் சொல்வார், அனுப்பிவிடுவார். முன்னைக்கு இப்போது ஐயருக்கு மதிப்பு கூடிவிட்டது. வீரனைப் போலவே அளந்து பேசுகிறார் என்று பக்கத்து ஊர்களிலும் பேசிக்கொண்டார்கள். புதிதாகச் சில வீட்டார் ஜெபக்கூடத்துக்கு வர ஆரம்பித்தார்கள். சேகரத்து ஐயர் வந்து பார்த்துவிட்டு, இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்தே எதிர்பார்த்தேன் என்று முதுகில் தட்டினார்.

எங்கள் சபையில் ஆராதனை முடிவில் ஒரு வழக்கம் இருந்தது. பிழைப்புக்காக மலை இறங்கியவர்கள் பேரையெல்லாம் உபதேசியார் ஒவ்வொன்றாகச் சொல்லி, சுகமாகத் திரும்பவேண்டும் என்று ஜெபிப்பார். கருப்பன் பேர் அதிலிருந்து போய்விட்டிருந்தது. அடுத்த வருஷம் வைகாசியில், நான் படிப்பு முடித்து ஊருக்கு வந்திருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, களைப்போ பழக்கமோ, வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் "கருப்பன்" என்று சொல்லிவிட்டார். சொன்ன கையோடு நின்றுவிட்டார். கண்ணை மூடியிருந்தவர்கள் எல்லோரும் திறந்தார்கள். பெண்கள் பக்கத்தில் செல்லி நிறைமாதமாக உட்கார்ந்திருந்தாள். பிறகு அடுத்த பேருக்குப் போனார்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் வாரையில் பழைய இடத்திலேயே ஒரு புது முடிச்சு தொங்கிற்று. துணி மங்கம்மாளின் புடவைத் துணி.

உபதேசியார் முக்காலியை எடுத்து வந்து அதற்குக் கீழே போட்டார். ஆனால் ஏறவில்லை. அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். இப்போது அவிழ்த்தால் அது என்ன வாக்கு ஆகும் என்று என்னிடம் கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் அப்படியே இருந்தபோதுதான் செல்லி குடத்தோடு வந்து வாசலில் நின்றாள். அண்ணாந்து முடிச்சைப் பார்த்தாள். அதிலிருந்து பார்வையை எடுக்காமலே பேசினாள்.

"ஐயரே. அவன் கீறானா?"

"தெரியாதும்மா."

"நெஜமாவே தெரியாதா?"

"தெரியாது."

"அன்னைக்கு அவுத்தீங்களே, அப்பவுமா?"

"அப்பவும் தெரியாதும்மா. அன்னைக்கே சொன்னேன்."

ஏழு வருஷத்தில் அந்த ஊரில் ஒரு ஆள் முதல்முறையாக அவர் சொன்னதை அப்படியே நம்பியதை நான் பார்த்தேன். செல்லி குடத்தைக் கீழே வைத்துவிட்டு வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கை வயிற்றின்மேல் இருந்தது. உபதேசியார் எழுந்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

பிறகு குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, மலைப்பாதை கண்ணில் படாத பக்கமாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.